வைக்கோல் பாட்டு

எங்க ஊட்டுக்காரரு எபினேசர் யாரையும் நம்ப மாட்டாரு. முன்னாடி அப்டி இல்ல. கல்யாணமான புதுசுல, கேக்கறவனுக்கெல்லாம் வண்டிச் சாவியத் தூக்கிக் குடுக்கிற ஆளு. இந்த ரெண்டு மூணு வருஷமாத்தான் இப்டி ஆயிட்டாரு. ரெண்டு பேரு ஓரமா நின்னு பேசினாப் போதும், "இன்னாமே, என்னப் பத்தித்தான பேசறானுங்க?"ன்னு என் காதக் கடிப்பாரு. சர்ச்சு, டீக்கடை, ரயில் ஸ்டேஷன், எங்க போனாலும் இதே பேஜாரு. நானும் சேந்துக்கினேன். புருஷன் சந்தேகப்பட்டா பொண்டாட்டி சும்மா இருக்க முடியுமா, கூடவே நானும் நாலு பேர மொறைக்க ஆரம்பிச்சேன்.

பொன்னேரிக்கு அந்தாண்ட எங்க காலனி. அவரப் பெத்தவங்க அடுத்தவங்க நெலத்துல நடவு நட்டவங்க. இவரு ஐடிஐ முடிச்சிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுக்குப் போனாரு, இருவத்தியோரு வருஷம் ஆச்சு. நெருப்பா வர்ற இரும்ப உருட்டிக் கம்பியா நீட்டற எடம். அந்த சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் செத்தாலும் தெரியாது. காதுல வச்சிக்கறதுக்கு என்னமோ குடுப்பாங்க, வேர்வைல அது வழுக்கி உழுந்துடும். மில்லுக்குப் போற ஆம்பளைங்க ஊட்லயும் கத்தித்தான் பேசுவாங்க, டிவியும் அலறும். எங்க தெருவுல அது யாருக்கும் பெருசாத் தெரியாது.

அவருக்குக் கீபோர்டுன்னா உசுரு. சர்ச்சுல தானாப் பாத்துக் கத்துக்கினது. எங்க பொண்ணு மோனிகா எல்கேஜி சேந்த வருஷத்திலேர்ந்து அந்தப் பள்ளிக்கூடத்துல கிறிஸ்மஸ் பாட்டுக்கு இவருதான் வாசிப்பாரு. இப்ப அவ ஏழாவது. பழைய கீர்த்தனை ஒண்ணு, நாலு சரணம், மாட்டுக் கொட்டாய், வைக்கோல், பனின்னு மெதுவாப் போவும். புள்ளைங்க அதுக்கு வச்ச பேரு வைக்கோல் பாட்டு. டிசம்பர் வந்தா ஷிப்ட் மாத்தி வாங்கிக்கினு, சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கினு கெளம்பிடுவாரு. அங்க எல்லாரும் அவர மாஸ்டர்னு கூப்டுவாங்க. மில்லுல யாரு அப்டிக் கூப்டறாங்க? வருஷத்துல அந்த மூணு வாரம்தான் அந்த மனுஷன் நிமிந்து நடப்பாரு.

இந்த வருஷம் ரெண்டு பிராக்டிஸ் முடிஞ்சதும் ஹெட்மிஸ்ட்ரஸ், அதான் பெரிய மிஸ்கிட்டேர்ந்து மெசேஜ் வந்துச்சு. வைக்கோல் பாட்டு இந்த வாட்டி வேணாமாம். டான்ஸ் மாஸ்டர் ரகு பென் டிரைவ்ல புதுப் பாட்டு கொண்டாறாராம், புள்ளைங்க அதுக்கு ஆடுவாங்களாம். நீங்க முன்னாடி சேர்ல ஒக்காந்து பாருங்க மாஸ்டர்னு வேற போட்டிருந்துச்சு.

"யாரோ போயி சொல்லியிருக்கானுங்க. சும்மா ஒண்ணும் நிறுத்த மாட்டாங்க"ன்னாரு. அப்புறம் சாப்டல.

நானே கண்டுபுடிக்கிறேன்னு கெளம்பிட்டேன். மொதல்ல ரகு. பள்ளிக்கூட கேட்டுல புடிச்சேன். "அக்கா, நானாக் கேக்கல. கூப்ட்டாங்க, வந்தேன்"னான். சொல்றப்ப என் மொகத்தப் பாக்கல, ஷூவையே பாத்துக்கினு இருந்தான். திருட்டுப் பய, என்னமோ மறைக்கிறான்னு முடிவு பண்ணிக்கினேன்.

அடுத்தது சரவணகுமார். பெத்தவங்க சங்கத்துக்கு அவருதான் தலைவரு. எங்க மாமியாரு நடவு நட்டது அவங்க ஊட்டு நெலத்துலதான். அவரு பொண்ணு பூமிகாவும் மோனிகா கிளாஸ்தான். நேத்து வரைக்கும் நம்ம நெலத்துல நின்னவன் புள்ள மேடையில ஒக்காந்து வாசிக்கிறானேன்னு எரிச்சல் இருக்கும்னு எங்களுக்கு ஒரு கணக்கு. நேராவே கேட்டுட்டேன்.

"இன்னாம்மா இப்டிச் சொல்ற? எங்க பூமிகா குளிக்கறப்பக்கூட அந்த வைக்கோல் பாட்டத்தான் பாடுது. அத நிறுத்திட்டாங்கன்னு ஊட்ல மூஞ்சத் தூக்கி வச்சினு இருக்குது. நான் போயி வேணாம்னு சொல்வனா?"ன்னாரு.

நான் நம்பல. இவ்ளோ பதமாப் பேசறாருன்னாலே உள்ள ஏதோ இருக்குதுன்னு ஊட்ல வந்து சொன்னேன். இவரும் தலையாட்டினாரு. அப்புறம் மெல்ல, "மோனியும் அவங்களோட சேந்துக்கினாளோ? என்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்கிறா பாரு"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெத்த பொண்ண இப்டி நெனைக்கலாமா? ஆனா யோசிச்சா, அவரு பேசறப்ப அவ மண்டைய மண்டைய ஆட்டுவாளே தவிர பதில் சொல்லி நான் பாத்ததில்ல. "அப்பாகிட்ட பேசித் தொலையேன்டி"ன்னு கத்தினேன். அவ என்ன ஒரு மாதிரிப் பாத்துட்டு புஸ்தகத்த எடுத்துக்கினா. வயசுத் திமிருன்னு விட்டுட்டேன்.

மறுநாள் நான் வேலை செய்ற பேக்கிங் கம்பெனில பர்மிஷன் போட்டுட்டு பெரிய மிஸ் ரூமுக்கே போயிட்டேன். "யாரு மிஸ் எங்க ஊட்டுக்காரர வேணாம்னு சொன்னது? பேரச் சொல்லுங்க, நான் போயிடறேன்"னேன்.

மிஸ் எழுந்து போயி கதவச் சாத்திட்டு வந்து, செல்லுல ஒரு வீடியோவப் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டாவது பிராக்டிஸ்ல எடுத்தது.

இவரு குனிஞ்சு கீபோர்டு கட்டையையே பாத்துக்கினு வாசிக்கிறாரு. புள்ளைங்க ரெண்டாவது சரணத்துல வரிய விட்டுட்டாங்க. ஒண்ணு ஒண்ணா நின்னுபோச்சு. யாரும் பாடல. ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. இவரு வாசிச்சினே இருக்கிறாரு. மூணாவது சரணம், நாலாவது சரணம், முழுசா முடிச்சாரு. நிமிந்து கையத் தட்டி, "சூப்பர்! எல்லாரும் கரெக்டாப் பாடினீங்க"ன்னாரு. புள்ளைங்க உழுந்து உழுந்து சிரிக்குதுங்க. முன் வரிசைல ஒருத்தி மட்டும் சிரிக்கல. மோனிகா.

"எங்க சித்தப்பாவும் மில்லுலதான் இருந்தாரும்மா. சின்னப் பசங்க கொரல்தான் மொதல்ல கேக்காமப் போச்சு அவருக்கு"ன்னாங்க மிஸ். "யாரும் வந்து புகார் சொல்லல. அன்னைக்கு சாயந்தரம் உங்க பொண்ணுதான் வந்தா. பென் டிரைவ்ல பாட்டு போட்டா கீபோர்டு வேணாம் இல்ல மிஸ்னு கேட்டா. அழுதுக்கினே கேட்டா."

வெளிய வந்து கொழாயடில மூஞ்சியக் கழுவிக்கினேன். பன்னெண்டு வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்சது, பக்கத்துல படுக்கற எனக்குத் தெரியல. கூப்ட்டா திரும்ப மாட்டேங்கிறாருன்னு அவரோட எத்தினி சண்டை போட்டிருப்பேன். அசிங்கமா இருந்துச்சு எனக்கு. ஊரு பூரா திருடனத் தேடினேன்.

சாயந்தரம் மோனிகாவ மாடிக்குக் கூட்டினு போயிக் கேட்டேன். "போன வருஷமே தெரியும்மா. பின்னாடி நின்னு கூப்ட்டா அவருக்குக் கேக்காது. பேசினா இன்னா இன்னான்னு கேட்டு அவருக்கே கோவம் வருது, அதான் தலைய மட்டும் ஆட்டிடறேன். எல்லாரும் அவரப் பாத்து சிரிக்கிறாங்கம்மா. பாட்டு போனாப் போவுது"ன்னா.

"அது போச்சுன்னா உங்கப்பாவே போயிடுவாருடி"ன்னேன்.

மறுநாள் காலைல நாஷ்டா துன்னுக்கினே அவளே, "பாட்டு இருக்கட்டும்மா. மிஸ்கிட்ட சொல்லு, நான் பாத்துக்கறேன்"னா. இவ இன்னா பண்ணப் போறாளோன்னு எனக்கு அடுத்த சந்தேகம். மிஸ் யோசிச்சு, டான்ஸ் முடிஞ்சதும் வச்சிக்கலாம்னு ஒத்துக்கினாங்க. இவருகிட்ட விஷயத்தச் சொன்னா சந்தோஷப்படுவாருன்னு பாத்தேன். "திடீர்னு ஏன் திரும்பக் குடுக்கறாங்க? இதுல என்னமோ இருக்குது"ன்னாரு.

விழா அன்னைக்கு ரகு பாட்டு மொதல்ல. ஸ்பீக்கர் அதிர அதிர புள்ளைங்க குதிச்சு ஆடிச்சுங்க, எனக்கே காலு தாளம் போட்டுச்சு. இவரு கையக் கட்டிக்கினு ஒக்காந்திருந்தாரு. அடுத்து இவரக் கூப்ட்டாங்க. கீபோர்டு மேடையோட பின்பக்கம், புள்ளைங்க முன்னாடி நமக்கு மொகம் காட்டி வரிசையா நின்னாங்க. இவரு குனிஞ்சு ஆரம்பிக்கப் போனாரு. மோனிகா மட்டும் போயி அவரு தோளத் தொட்டா. நிமிந்தாரு. கூட்டத்துக்கு முதுகக் காட்டிக்கினு அவருக்கு நேரா நின்னுக்கினா.

"பாப்பா, இந்தப் பக்கம் திரும்பு"ன்னு யாரோ சொன்னாங்க. "பாப்பா"ன்னு மறுபடியும் சொன்னாங்க. அவ திரும்பல. வாய நல்லாத் தொறந்து பாட ஆரம்பிச்சா. இவரு ஒரு வாட்டிகூட கட்டையப் பாக்கல, அவ வாயையே பாத்து வாசிச்சாரு. மூணாவது சரணத்துல அவளுக்கு மூச்சு வாங்கிச்சு, நின்னா. இவரும் நின்னாரு. அவ எடுத்ததும் எடுத்தாரு. மத்த புள்ளைங்க அவ கொரலு பின்னாடியே பாடிக்கினு வந்துச்சுங்க, நாலு சரணமும் ஒண்ணா முடிஞ்சுது. பூமிகாவோட அப்பா எழுந்து நின்னு கைதட்டினாரு. அந்த மனுஷனப் போயி சந்தேகப்பட்டேனேன்னு எனக்குத் தலை நிமிரல.

முடிஞ்சு கிரவுண்டுல பேப்பர் தட்டுல கேக் குடுத்தாங்க. சுத்தி எல்லாரும் கும்பல் கும்பலாப் பேசிக்கினு இருந்தாங்க. யாரு இன்னா பேசறாங்கன்னு இவரு என்னக் கேக்கவே இல்ல. கேக்கத் துன்னாம தட்டையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் கேட்டாரு.

"ஜெனி, மோனி கொரலு இப்ப எப்டி இருக்குது?"

"கணீர்னு இருக்குதுங்க"ன்னேன்.

அவருக்குக் கேக்கல. கிட்ட வந்து என் வாயையே பாத்தாரு. நான் இன்னொரு வாட்டி, மெதுவா சொன்னேன்.