பல்லக்கு லாரிக்கு அடியில் படுத்த சகாயம் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை தொம்மலூரில் பள்ளி வேனிலிருந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். சகாயம் அண்ணனின் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "முனி சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றாள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் வேனை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதேன்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஸ்டியரிங் மெக்கானிக் சகாயத்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் அவரிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அவரைப் பற்றி நம் சங்க மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் வண்டி ஓட்டுகிறவன். ஒருவரின் நல்ல குணங்களை வரிசையாக அடுக்கி எழுத எனக்கு வராது. பல்லக்கு சாய்ந்த கதையைத்தான் எழுத முடியும்.

நம் கோயில் பூப்பல்லக்கை ஏற்றும் லாரி ரொம்பப் பழசு. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டை. அதன்மேல் இரண்டு மாடி உயரத்துக்கு மூங்கில் கட்டி, பூ வைத்து, அம்மனை ஏற்றுவோம். என் மாமாவுக்குப் பிறகு நான்தான் டிரைவர். ஒரு வருடம் அண்ணனின் பட்டறைக்குப் பக்கத்தில், பஜார் தெரு முனையில் இடப்பக்கம் திருப்பினேன். பின்னால் பஸ்கள் வரிசையாக நிற்க, போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பல்லக்கின் உச்சி ஒரு வீட்டு மாடிக் கம்பியில் இடித்து, கலசம் ரோட்டில் விழுந்தது. யார் மேலும் படவில்லை. ஆனால் அது கிடந்த கோலத்தை ஊரே பார்த்தது.

நான் குடித்திருந்தேன் என்று மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. நான் குடிக்கிறவன் இல்லை என்று தெரிந்தவர்களும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அந்தத் தெரு வழியாகக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். கோயில் கமிட்டி கூடி, வேறு டிரைவரைப் போடுவதென்று கிட்டத்தட்ட முடிவும் செய்துவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே சகாயம் அண்ணன் வந்தார். காக்கிச் சட்டையின் முதுகு முழுக்க மண். லாரிக்கு அடியிலிருந்து நேராக எழுந்து வந்திருந்தார்.

"ஆள பாத்துட்டீங்க. வண்டிய யாரு பாத்தது?" என்றார்.

"வண்டி இன்னா பண்ணும் சகாயம்? ஓட்டறவன் ஒழுங்கா ஓட்டணும்" என்றார் செயலாளர்.

"அப்படியா? வாங்க, எல்லாரும் மேல ஏறி நில்லுங்க."

எட்டுப் பெரிய மனிதர்களை லாரியின் தட்டில் ஏற்றி நிறுத்தினார். என்னை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் நடந்தபடி வந்தார். நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று கண்டிப்பு. கோயில் மைதானத்தில் ஒரே ஒரு திருப்பம். வண்டி சாய்ந்த சாய்வில் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். செயலாளரின் சட்டைப் பையைப் பொருளாளர் கிழித்தே விட்டார். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார் அண்ணன். "சக்கரம் அசையாம ஸ்டியரிங் ரெண்டு வெரல் ஆடலாம். இது நாலு வெரல் ஆடுது. இதுல அம்மன ஏத்திட்டு டிரைவர திட்றீங்களே!"

ஸ்டியரிங் ஆட்டத்துக்குப் பவர் ஸ்டியரிங் மட்டும் போட்டால் போதாதா என்று கமிட்டியில் கேட்டார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்டியரிங் லேசானா இவன் ஒரு வெரல்ல திருப்புவான். இன்னும் ஜாஸ்தி சாயும். போட்டா ரெண்டும் போடு, இல்லன்னா ரெண்டும் பேடா, வேணாம்." இரண்டாவது என்று அவர் சொன்னது ஸ்டெபிலைசர் பார். வண்டியின் அடிச்சட்டமான சேசிசில் மாட்டி, இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் தடித்த இரும்புக் கம்பி அது. ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கத்தையும் இழுத்து, வண்டியைச் சாயவிடாமல் நிறுத்தும்.

பத்து நாள் வேலை. அது முடிந்ததும் அதே எட்டுப் பேரை மறுபடி ஏற்றினார். இந்த முறை யாரும் யாரையும் பிடிக்கவில்லை. என்னை மாற்றும் பேச்சு அதோடு நின்றது. ஆயுத பூஜைக்கு யாரோ பக்தியில் அந்தப் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களான புஷ்களுக்கெல்லாம் எண்ணெய் தடவிவிட, அண்ணன் போட்ட சத்தம் கர்ப்பகிருகம் வரை கேட்டிருக்கும். "பொட்டு வைங்க, வேணாங்கல. எண்ணெ பட்டா ரப்பர் உப்பிடும் சாமி!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஊர்வலம் அந்தப் பஜார் தெரு முனைக்கு வந்தால் அவர் வண்டிக்கு முன்னால் வந்துவிடுவார். என் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பார். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து அமுக்கிக்கொண்டே போவார். மெதுவாக வா என்று அர்த்தம். பார் போட்ட பிறகும் எதற்கு இந்தக் கூத்து என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

போன மாதம் சந்தாபுராவில் ஸ்டெல்லா வீட்டில் அவரைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"முனி, அன்னிக்கு உன் தப்பும் இருந்திச்சு. விசில் சத்தத்துக்கு அவசரப்பட்டு ஒடிச்சுத் திருப்புன. பட்டறை வாசல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்."

அது உண்மை. அதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்ன மாத்திட்டு வண்டிய அப்படியே விட்டிருப்பாங்க. அடுத்த வருசம் வேற எவனாச்சும் சாச்சிருப்பான், கலசம் யார் தலையிலயாச்சும் விழுந்திருக்கும். உனக்குத்தான் வருசா வருசம் சொல்லிட்டே வந்தேனே!" என்று உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக அமுக்கிக் காட்டினார். இத்தனை வருடம் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் போய்க் கிண்டல் செய்திருக்கிறேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் அமரர் ஊர்தி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்ணனின் பெட்டி நகர்ந்து ஓரத்தில் இடித்தது. சொந்தக்காரர்கள் டிரைவர்மேல் பாய்ந்தார்கள். "குடிச்சிட்டு வந்தியாடா?" என்று ஒருவர் கேட்டார். குறுக்கே போய் நின்று, "அவர விடுங்க. மொதல்ல வண்டிய பாக்கணும்" என்றேன்.

மண் போட்டுவிட்டு வந்ததும் வெள்ளை வேட்டியோடு அந்த வண்டிக்கு அடியில் படுத்தேன். ஸ்டெபிலைசர் பாரின் ஒரு பக்கம் ரப்பர் புஷ் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது; பார் பிடிப்பில்லாமல் ஆடியது. சத்தம் போட்டவர்களையே கூப்பிட்டுக் குனிந்து பார்க்கவைத்தேன். ஸ்டெல்லா என் முதுகு மண்ணைத் தட்டிவிட்டாள். "அப்பா மாரியே இருக்கீங்க சித்தப்பா" என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த மண்ணும், அந்த உள்ளங்கையும்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு அந்த டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

"நீங்களும் கொஞ்சம் வேகமாத்தான் திருப்புனீங்க" என்றேன்.