காபி போட்டு வைக்கும் கணவர்

தூக்கம் வராதவர் யாரும் டாக்டரிடம் வந்து தூக்கம் வரவில்லை என்று சொல்வதில்லை. தலைவலி என்பார், நெஞ்செரிச்சல் என்பார், மிச்சத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதுரை பழங்காநத்தத்தில் கிளினிக் வைத்து முழி பிதுங்கிக்கொண்டிருக்கிற நான் சொல்கிறேன், உங்களில் டாக்டர்கள் இருந்தால் தலையாட்டுவீர்கள்.

அமைதியான அறை

செல்லூரில் வீட்டிலேயே விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் தலைவலி என்று வந்தார். துருவிக் கேட்டால், ராத்திரி கண்ணே மூடுவதில்லையாம். தறிச் சத்தம்தான் காரணம் என்று பெரிய மேதாவியாகத் தீர்ப்புச் சொல்லி, மகள் வீட்டில் போய்ப் படுக்கச் சொன்னேன். மறுவாரம் கண் இன்னும் சிவந்து வந்து நின்றார்.

"அங்க ஒரு சத்தமும் இல்லம்மா. தறி நின்னு போச்சோன்னு பதறிப் பதறி முழிச்சேன்!"

தங்கமான மனுசன்

கொட்டாம்பட்டியிலிருந்து ஸ்கூல் வேன் டிரைவர் முருகேசன், மனைவி செல்வியோடு நெஞ்செரிச்சலுக்கு வந்தார். தூக்கம் எப்படி என்றால், "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரிதான் டாக்டரம்மா" என்கிறார். நானும் நம்பி மாத்திரை எழுதப் போனேன். எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சும்மா இருப்பாளா? செல்வியைப் பார்த்து, "காலையில அண்ணனை எழுப்புறது கஷ்டமாக்கா?" என்று கேட்டாள். செல்விக்கு முகமெல்லாம் பெருமை.

"அவர எழுப்புறதா? இப்பக் கொஞ்ச நாளா அவருதான் எனக்கு முந்தி எந்திரிச்சு காபி போட்டு வைக்கிறாரு. தங்கமான மனுசன்!"

வேன் சாவி

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். ராத்திரி விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதும், பகலில் கண் சொக்காமலிருக்க டீயாகக் குடித்துத் தள்ளுவதும், மத்தியானம் வண்டியிலேயே தூங்கிவிடுவதும், இது ரெண்டுமே ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. போன வாரம் பிள்ளைகளை ஏற்றிப் போகும்போதே கண் செருகியதாம். தூக்கம் சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றேன். வேலை போய்விடும் என்று மனிதர் அழுதேவிட்டார்.

அவர் சம்மதத்தோடு, அவர் முன்னாலேயே வேன் ஓனருக்குப் போன் போட்டேன். வேறு டிரைவரைப் போடுகிறேன், அதுவரை முருகேசன் ஷெட்டில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளட்டும், சம்பளத்தில் கை வைக்கமாட்டேன் என்றார் அந்த மகராசன். நன்றி சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை.

"எம் பிள்ளையும் அந்த வண்டியிலதாம்மா போகுது. நான்தான் உங்களைக் கும்பிடணும்."

புகார்

டீ குறைந்தது, மத்தியானத் தூக்கம் நின்றது. மெல்ல மெல்லத் தேறி, முருகேசன் மறுபடி வேன் ஓட்டுகிறார். போன மாதம் செல்வி மட்டும் தனியாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். மறுபடி தூக்கம் கெட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"என்னதான் சொல்லிக் குடுத்தீங்களோ, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு. காபி நான்தான் போட வேண்டியிருக்கு!"

சுவரில் மாட்டியிருக்கும் என் பட்டங்களுக்குப் பக்கத்தில் இந்தப் புகாரையும் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன், ஸ்டெல்லாவின் பெயரில்.