தொலைந்த குடையும் ஜப்பானிய மொழித் தேர்வும்

1. கழுத்துக்கு வந்த கை

மெட்ராஸில் ஜப்பானிய மொழித் தேர்வு நடந்த கூடத்தில், மேற்பார்வைக்கு இருந்த அம்மையாரைப் பார்த்து, கழுத்தை அறுப்பதுபோல் கையைக் குறுக்காக இழுத்துக் காட்டினேன். அவர் டேப் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். எழுதிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான்தான். எங்கள் ஆலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இந்தக் கதையைப் பலவிதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நான் கத்தியோடு போனதாகக்கூட ஒரு வடிவம் உலவுகிறது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

2. நோட்டீஸ் போர்டு

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலையில் எனக்கு வேலை. சூளையில் சுட்ட கிளிங்கர் கட்டிகளை அரைத்து சிமென்ட் ஆக்கும் பழைய ‘பால் மில்’லில், அதாவது இரும்புக் குண்டு மில்லில், ஃபோர்மேன். எண்பதுகளின் நடுவில் ஜப்பானிலிருந்து புது மில் வரப்போகிறது என்றார்கள். வந்ததும் பழைய மில்லை மூடிவிடுவார்கள். புது மில்லை ஓட்டப்போகிறவர்கள் ஜப்பானுக்குப் போய் ஆறு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். போவதற்கு முன்னால் ஜப்பானிய மொழித் தேர்வில் ஆகக் கீழ்ப்படியையாவது தாண்டியிருக்க வேண்டும். தாண்டாதவர்களுக்குப் பேக்கிங் பிளான்ட். இவ்வளவும் நோட்டீஸ் போர்டில் ஒரே பாராவில் இருந்தது.

பேக்கிங் பிளான்ட் ஒன்றும் கேவலமான இடம் இல்லை. ஆனால் மில் ஓட்டினவனுக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. மூட்டை வரும், தைப்பார்கள், மூட்டை போகும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மில்லைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் மூட்டை போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று தோன்றியது. பெயர் கொடுத்தேன்.

எழுத்து எனக்குச் சிரமமாக இல்லை. வரிசையாகப் படிக்கிற ஆள் நான். தினம் ஐந்து எழுத்து, ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். இலக்கணமும் நம் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைப்பதால் பாதி பயம் விட்டுப்போனது. சிக்கல் காதில் இருந்தது. தேர்வில் ஒரு பகுதி முழுக்கக் கேசட் ஓடும். அதைக் கேட்டுப் பதில் குறிக்க வேண்டும்.

மில் ஹவுஸில் யாரும் வாயால் பேசுவதில்லை. உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் சத்தத்தில் பேசிப் பயன் இல்லை. எல்லாம் கைதான். ஆள்காட்டி விரலைச் சுற்றினால் மில் ஓடுகிறது. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் லோடைக் குறை. முஷ்டி பிடித்தால் அடைப்பு. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் உடனே நிறுத்து. மிச்சத்துக்கு எதிராளியின் உதட்டைப் பார்ப்போம். வருஷக்கணக்கில் இப்படி இருந்ததில், முகம் பார்க்காமல் யார் பேசினாலும் எங்களுக்கு அது பேச்சாகவே படாது. என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்ன எதையும் நான் செய்ததில்லை. அவளும் இதைப் புரிந்துகொண்டு, முக்கியமான விஷயத்தை என் தாடையைப் பிடித்துத் திருப்பித்தான் சொல்வாள்.

3. ஒகாதா சான்

புது மில்லைப் பொருத்துவதற்காக ஒரு ஜப்பான்காரர் முன்கூட்டியே வந்து கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். பெயர் ஒகாதா. ‘சான்’ என்பது நம் ‘ங்க’ மாதிரி ஒரு மரியாதை. எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“தங்கராசு, ஜப்பான்காரரையே ஒங்க பக்கத்துல கொண்டாந்து விட்டுருக்கோம். டீ நேரத்துல அவர்கிட்ட பேசிப் பழகுங்க. காசு குடுத்தாக்கூட இப்படி ட்யூஷன் கெடைக்காதுய்யா.”

மேனேஜர் கவனிக்காத ஒன்று இருந்தது. ஒகாதா சானும் சின்ன வயதிலிருந்து மில் ஹவுஸில் வேலை பார்த்தவர்.

முதல் நாள் மில் ஹவுஸிலேயே டீயைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் தயார் செய்து வைத்திருந்த ஜப்பானிய வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். நானும் காட்டினேன். அவருடைய சைகையும் எங்கள் சைகையும் ஒன்றுதான், அடைப்புக்கு மட்டும் அவர் இரண்டு முஷ்டி பிடித்தார். ஒரு மாதத்தில் அவருக்கு இரண்டு பெண்கள் என்றும், மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்றும், நம் ஊர் சாம்பார் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மாமனார் ஊரில் முந்திரி எப்படிக் காய்க்கும் என்பதை நான் அவருக்கு விளக்கியிருந்தேன். இதில் ஒரு ஜப்பானியச் சொல்கூடப் புழங்கவில்லை.

சத்தம் இல்லாத இடத்தில் பேசினால் சரியாகும் என்று கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். அங்கே அவர் வாய் திறந்து பேசினார். மில்காரர்கள் வாய் திறந்தால் கத்துவோம். அவர் கத்தினார், நானும் கத்தினேன். வாட்ச்மேன் ஓடி வந்து எங்கள் இருவரையும் விலக்கிவிட்டார்.

4. குழாய்

பிறகுதான் பாடப் புத்தகத்துக்கான கேசட் வந்தது. கேசட்டுக்கு உதடு கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரும் கிடையாது. ஆனால் தா.பழூரில் என் மனைவியின் தம்பி செல்வராசு மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். வார லீவு நாளில் கேசட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

அவன் செட்டில் தனி ஸ்பீக்கர் கிடையாது. போட்டால் குழாய் ஒலிபெருக்கியில்தான் பேசும். இரண்டு குழாய்கள் கொட்டகைக்கு வெளியே கம்பத்தில் கட்டியிருந்தன. சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னதற்கு, குறைத்தால் ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிடும் என்றான். இது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து இன்னொன்று சொன்னான். “மாமா, மொதல்ல சாமி பாட்டுப் போடாம நான் செட்டு போட்டதே இல்ல. புள்ளையாருக்கு ஒன்னு போட்டுட்டு அப்புறம் ஒங்க ஜப்பானப் போடுறேன்.”

ஆகவே ஒவ்வொரு வாரமும் காலையில் தா.பழூர் வயல்வெளி முழுக்க முதலில் பிள்ளையார் பாட்டும், அது முடிந்ததும் ஜப்பானிய மொழியும் கேட்டது. நான் குழாய்க்கு நேரே நின்றால் காது அடைத்தது. வரப்பில் இறங்கி நடந்துபோய், சத்தம் கொஞ்சம் தணிந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். அங்கே நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு ஆட்களுக்குத் தலைவி என் மனைவியின் சித்தி, குஞ்சம்மா அத்தை. நாற்று முடிச்சைப் பிரித்துக்கொண்டே அத்தை கேட்டார்.

“என்னா மாப்ள, அந்த ஆளு என்னத்தையோ பறிகுடுத்தவன் மாதிரி பேசுறானே?”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மையிலேயே அவன் பறிகொடுத்தவன்தான். ரயிலில் குடையை விட்டுவிட்டு ஸ்டேஷனில் வந்து கேட்கிறான் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. சொன்னேன்.

“என்னா கொடை? ஆம்பளக் கொடையா, பொம்பளக் கொடையா?”

அது எனக்குத் தெரியவில்லை. உரையாடலைப் படித்திருந்தேனே தவிர, கேட்கவில்லை. அடுத்த முறை அந்த இடம் வரும்போது காதைக் கொடுத்துக் கேட்டேன். கறுப்பு, நீளமானது. சொன்னேன். பிடி எப்படி என்றார்கள் இன்னொரு வரிசையில் இருந்தவர்கள். மூன்றாம் முறை கேட்டு, மரப்பிடி என்றேன். எந்தப் பெட்டியில் விட்டான், ஸ்டேஷன்காரர் என்ன சொன்னார், அதைச் சொல்லும்போது ஏன் குரல் மாறியது என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நான் கொட்டகைக்கும் வரப்புக்கும் நடந்தபடி இருந்தேன். செல்வராசு ரீவைண்ட் பண்ணிக்கொண்டே இருந்தான்.

வாரா வாரம் இதுவே நடந்தது. குடைக்காரனை ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டீக்கடையில் இரண்டு கட்சி உண்டானது. அவன் குடையை ரயிலில் விடவே இல்லை, வீட்டிலேயே மறந்திருப்பான் என்றது ஒரு கட்சி. ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்து வைத்துக்கொண்டார் என்றது மற்றது. அதற்குக் குஞ்சம்மா அத்தை தலைமை.

ஆண்டிமடத்தில் ஒரு காதுகுத்துக்குச் செட்டுப் போடப் போன செல்வராசு, கேசட்டை மாற்றிப் போட்டுவிட்டான். பிள்ளைக்கு ஒரு காது குத்தி முடித்து ஆசாரி மறு காதுக்கு ஊசியை எடுத்த நேரம் குடைக்காரன் பேச ஆரம்பித்தான். ஏதோ முக்கியமான அறிவிப்பு என்று ஆசாரி ஊசியைக் கையில் பிடித்தபடியே முழுவதும் கேட்டுவிட்டுத்தான் இரண்டாவது காதைக் குத்தினார். மொய் எழுதின ஒருவர், தா.பழூர்க்காரர், பக்கத்தில் இருந்தவருக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னாராம்.

ஒரே ஒரு குறை. அந்தப் பாடம், ‘இன்று இல்லை, நாளை வாருங்கள்’ என்று ஸ்டேஷன்காரர் சொல்வதோடு முடிகிறது. அடுத்த பாடம் மீன் கடை. இதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை.

“நாளைக்கி வான்னாங்கள்ல? போனானா, இல்லியா?” என்றார் அத்தை.

கேசட்டில் அது இல்லை என்றேன். நான் சரியாகக் கேட்கவில்லை என்று அத்தை முடிவு செய்தார்.

5. கூடம்

தேர்வுக் கூடத்தில் காற்றாடியைக்கூட நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு அமைதியில் நான் உட்கார்ந்ததே இல்லை. மேஜை மேல் ஒரு டேப் ரெக்கார்டர். அம்மையார் பொத்தானை அழுத்தினார். நான் வழக்கப்படி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சக்கரம் சுற்றுவது தெரிந்ததே தவிர ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை. முதல் கேள்வி போய்விட்டது. இரண்டாவதும் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பேக்கிங் பிளான்ட்டும் தையல் இயந்திரமும் கண்ணில் தெரிந்தன. அந்த நிலையில் கை தானாகக் கழுத்துக்கு வந்தது.

வாட்ச்மேன் என் தோளைப் பிடித்து எழுப்பினார். அம்மையார் தள்ளி நின்றே கேட்டார். “என்ன சார் காட்டுனீங்க இப்போ?”

“மில்லை நிறுத்துன்னு அர்த்தம் மேடம்.”

“இங்க மில்லு எங்க சார் இருக்கு?”

மில் என்றால் என்ன, அங்கே எப்படிப் பேசுவோம் என்று சொன்னேன். கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் வாட்ச்மேன், தன் மைத்துனனும் ஒரு பருப்பு மில்லில் இருப்பதாகவும் அவனும் இப்படித்தான் என்றும் சாட்சி சொன்னார். கடைசியில் அம்மையார் ஒரு நிபந்தனை போட்டார். தேர்வு முடிகிறவரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் குறிக்க மட்டும் வலது கையை எடுக்கலாம்.

நிறுத்திய கேசட்டைப் பாதியிலிருந்து போட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் என்பதால், முதலிலிருந்து போட்டார். பக்கத்து மேஜைப் பையன் என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தான். அவனும் கோட்டை விட்டிருக்கிறான்.

கை மேலேயே உட்கார்ந்திருந்தேன். பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மில் ஹவுஸில் கண்ணை மூடினால் விரல் போய்விடும், அதனால் வேலை நேரத்தில் நான் கண் மூடியதே கிடையாது. மூடியதும் வரப்பு வந்தது. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் ஏதோ பேசினார்கள். யார் இவர்கள், எங்கே நிற்கிறார்கள், இவளுக்கு என்ன வேண்டும், அவன் தருவானா மாட்டானா என்று குஞ்சம்மா அத்தை வரிசையாகக் கேட்டார். அத்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். கேட்டது. கையை எடுத்துக் குறித்தேன், திரும்ப வைத்தேன். கடைசிக் கேள்வி வரை இப்படியே போனது. எழுந்தபோது இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன.

தேறிவிட்டேன்.

6. நாளைக்கு வா

ஜப்பானில் ஆறு மாதமும் மில் ஹவுஸில்தான் பயிற்சி. அங்கேயும் யாரும் வாயால் பேசவில்லை. அடைப்புக்கு இரண்டு முஷ்டி பிடிக்க வேண்டும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால், என்னை நல்ல படிப்பாளி என்று நினைத்தார்கள்.

கஷ்டப்பட்டுப் படித்த ஜப்பானிய மொழி எனக்கு ஒரே ஒரு முறை பயன்பட்டது. ஒரு மழை நாளில் ரயிலில் குடையை விட்டுவிட்டேன். ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். கறுப்பா, நீளமா, பிடி என்ன என்று கேட்டார்கள். ஒவ்வொன்றும் புரிந்தது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இன்று இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள். மறுநாள் போனேன். குடையில் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டி, கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் தா.பழூர் போனேன். புது மில்லில் எனக்கு ஃபோர்மேன் வேலை உறுதியாகிவிட்ட சந்தோஷத்தில் செல்வராசு குழாயைத் தெருப் பக்கம் திருப்பி வைத்து சாமி பாட்டுப் போட்டான். குஞ்சம்மா அத்தை என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, கொடை கெடச்சுதா என்பதுதான். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. ரயில், மழை, ஸ்டேஷன், கொக்கி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை பொறுமையாக முடியும்வரை கேட்டார்.

“அது ஒங்க கொடை மாப்ள,” என்றார். “நான் அந்த ஆளு கொடையக் கேட்டேன்.”

புது மில்லில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தெரிந்ததைச் சொல்ல வாய் துடிக்கும்போது, கேட்ட கேள்வி என்ன என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். தேர்வில் தேறிய பிறகும் நான் அதில் தவறினேன். அந்த ஆள் மறுநாள் போனானா என்பது தா.பழூரில் இன்னும் முடிவாகவில்லை.