கச்சானின் எட்டாவது பாட்டு

என் தாய்மாமா பிரைட்டன் தூத்துக்குடித் துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் மேல்தட்டில், சரக்கு அறையின் திறப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உயரத்தில் கிரேனுக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கையாலேயே பேச வேண்டும். கிரேன் ஓட்டுகிறவருக்கு அறைக்குள் நடப்பது தெரியாது. மாமாவின் கை என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்குக் கண். தூக்கு, இறக்கு, இடப்பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கையசைவு இருக்கிறது.

அந்தக் கிரேனில் பெரும்பாலும் இருப்பவர் மாப்பிள்ளையூரணியைச் சேர்ந்த மாரிராஜ் அண்ணன். ஒரே ஷிப்ட், ஒரே கப்பல். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது இவர் கையை அவர் பார்க்கிறார். ஆனால் பதிமூன்று வருடமாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாக்கி டாக்கி இரண்டு பேர் இடுப்பிலும் தொங்கும். தொட மாட்டார்கள். "இவங்க ரெண்டு பேரால கம்பெனிக்குப் பேட்டரி மிச்சம்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு பாட்டு.

இவர்கள் இருவரும், காயல்பட்டினம் யாசிர் அண்ணனும் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். பெயர் கச்சான். கோடையில் மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கிறதே, அந்தக் காற்றின் பெயர். யாசிர் அண்ணன் கிடார் வாசித்துப் பாடுவார். மாரிராஜ் அண்ணன் பேஸ் கிடார். மாமா டிரம்ஸ். மாதா கோயில் திருவிழாவில் பேண்ட் செட்டோடு சப்பரத்துக்கு முன்னால் அடித்து நடந்த கை அது. ஆறு பாட்டு வைத்து ஒரு சிடி போட்டார்கள். கல்லூரி விழா, கிளப் ஆண்டு விழா என்று குலசேகரன்பட்டினம் வரைக்கும் கூப்பிட்டார்கள்.

அந்தக் குலசேகரன்பட்டினம் மேடையில்தான் எல்லாம் முடிந்தது. மாமாவுக்குக் கல்யாணமாகிப் பத்தே நாள். கிரேசி அத்தையும் அத்தை வீட்டு ஆட்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பாட்டு ஒன்று வாசித்தார்கள். மெதுவாகத் தொடங்கி, ஏறி ஏறி, கடைசியில் வெடிக்க வேண்டிய பாட்டு. மாமாவுக்கு உற்சாகம் வந்தால் வேகம் கூடிவிடும். அன்று கூடிவிட்டது. மாரிராஜ் அண்ணன் பக்கத்து மைக்கில், "ஏலே, மெதுவா அடில! ஒன்னைய யாரும் வெரட்டலையே!" என்று சொன்னார். மைக் திறந்திருந்தது. மொத்தக் கூட்டமும் சிரித்தது. அத்தையின் அப்பாவும் சிரித்தார். மாமா குச்சிகளைக் கீழே வைத்தார், மேடையின் பின்பக்கமாக இறங்கினார், பஸ் ஏறினார். கச்சான் அத்தோடு நின்றுபோனது.

யாசிர் அண்ணன் தோஹாவுக்கு வேலைக்குப் போனார். மற்ற இரண்டு பேருக்கும் பிறகு ஒரே இடத்தில் வேலை அமைந்தது.

இந்த வருடம் ஜனவரியில் யாசிர் அண்ணன் தோஹாவிலிருந்து மாமாவுக்குப் போன் செய்தார். "ஏப்ரல்ல நாப்பது நாள் லீவுல வாரேன். ஆல்பம் போடுதோம். எட்டுப் பாட்டு. பழசு எதுவும் கெடையாது, மேடையில பாதியில நின்ன அந்த ஒண்ணத் தவிர."

"அவன் வருவானா?" என்று மாமா கேட்டார்.

"அவனும் இதத்தாம்ல கேட்டான். நீ சரின்னா அவன் சரியாம்."

"அவன் சரின்னா நானும் சரி."

"அல்லாஹ்வே! ரெண்டு பேரும் கப்பல்ல பாத்துப் பேசிக்கிடுங்களேம்ல! நான் கத்தார்லருந்து போன் போட்டா சொல்லணும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் யாருக்கும் மதியத் தூக்கம் இல்லை. மாமாவுக்கு வயது நாற்பத்து நாலு. டிரம் செட் இப்போது கோயிலில் இருப்பதால் ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் தலையணைகளை அடுக்கி வைத்து அடித்தார். இரண்டு மாதத்தில் மூன்று தலையணை கிழிந்தது. "பிள்ளைக தலையணப் பஞ்சத் தின்னுட்டுப் போகுது, ஒங்க பாட்ட எவன் கேக்கப் போறான்?" என்று அத்தை திட்டினார். ஆனால் நான்காவது தலையணையை அத்தையேதான் தைத்துக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் கோயிலில் போய் உண்மையான டிரம்ஸில் அடிப்பார். திரும்பி வரும்போது அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

யாசிர் அண்ணன் வந்து இறங்கினார். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் கிருபை அக்காவின் ஸ்டுடியோவில், அவர் லீவின் கடைசி நான்கு நாள்தான் கிடைத்தது. ஜெபப் பாடல்கள் பதிவு செய்யும் சின்ன ஸ்டுடியோ. அக்கா முதல் நாளே மாமாவின் காதில் ஹெட்போனை மாட்டி, "இதுல டிக் டிக்னு வரும். அதுக்குத் தக்கன அடிங்க அண்ணாச்சி" என்றார். மாமா பத்து நிமிடம் அடித்துப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். "இது மனுசனாம்மா? இதோட எப்படிச் சேந்து வாசிக்க?"

அக்கா யோசித்து, மூன்று பேரையும் ஒரே அறையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி உட்கார வைத்தார். அவ்வளவுதான், பாட்டு ஓடியது! மூன்று நாளில் ஏழு பாட்டு. நானும் அத்தையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டோம். எனக்கு உட்காரவே முடியவில்லை. தரை அதிர்ந்தது, வயிற்றுக்குள் அதிர்ந்தது. பதிமூன்று வருடம் இதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்களே என்று கோபமாகக்கூட வந்தது.

இருந்தாலும் இரண்டு பேரும் நேராகப் பேசவில்லை.

"யாசிரு, அவன்ட்ட சொல்லு, ரெண்டாவது வரியில கொஞ்சம் விட்டு வரச்சொல்லி."

"மாரி, கொஞ்சம் விட்டு வரணுமாம்."

"கேட்டுச்சி. சரின்னு சொல்லு."

"பிரைட்டா, சரியாம். எனக்கு இதுக்குத் தனியாச் சம்பளம் வேணும்ல."

நான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் இருந்தது எட்டாவது பாட்டு மட்டும்தான். மாலை நாலரை மணிக்கு யாசிர் அண்ணன் அங்கிருந்தே திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். பாட்டு இன்று முடியாவிட்டால் ஆல்பம் இல்லை.

இரண்டு மணிக்குத் தொடங்கினார்கள். மெதுவான தொடக்கம், பிறகு ஏற்றம். மாமாவின் முகம் சிவந்தது. வெடிக்க வேண்டிய இடம் வந்தது. மாமா குச்சிகளை ஓங்கினார், பேஸ் சட்டென்று நின்றது. அறையில் டிரம்ஸ் மட்டும் தனியாக இரண்டு அடி அடித்து ஓய்ந்தது.

"சாரி" என்று மாரிராஜ் அண்ணன் கிருபை அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவையும் அதே இடம்.

மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் சிரிப்பு எழுந்ததும் இதே இடத்தில்தான். வேகம் கூடிவிட்டது என்று காட்டத்தான் மாரிராஜ் அண்ணன் வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று மாமா நினைத்திருக்கிறார். அவர் எழுந்தார். குச்சிகளை டிரம்மின் மேல் வைத்தார்.

"யாசிரு, அவன்ட்ட சொல்லு. நான் வேகமா ஓடுதேன்னா வாயத் தொறந்து சொல்லச் சொல்லு. இங்க மைக் வேற நெறைய இருக்கு."

"பிரைட்டா, உக்காருல."

"அன்னைக்குச் சொன்னாம்லா? இன்னைக்கும் சொல்லட்டும்!"

அவர் கதவுப் பக்கம் நடந்தார். கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

அப்போது மாரிராஜ் அண்ணன், யாசிர் அண்ணனைப் பார்க்காமல், நேராக மாமாவைப் பார்த்துப் பேசினார். "நீ ஓடலல. நல்லாத்தான் அடிக்க. என் கைதான் நிக்கி. ஏன்னு எனக்கே தெரியல."

"கை எப்படில தானா நிக்கும்?"

"சத்தியமாத் தெரியலல. நல்லாத்தான் வாசிக்கேன். நீ இப்படித் தூக்குத…" என்று சொல்லிக்கொண்டே அவர் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மாமாவும் கதவில் வைத்த கையோடு நின்றுவிட்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னல சிலை மாதிரி நிக்கிய?" என்று யாசிர் அண்ணன் கேட்டார்.

"யாசிரு, கப்பல்ல இவன் ரெண்டு கையையும் தூக்குனா எல்லாத்தையும் உடனே நிறுத்தணும்டா" என்றார் மாரிராஜ் அண்ணன். "எமர்ஜென்சி. எறங்குத சரக்கு அந்தரத்துல நிக்கணும். போன வருசம் பெரிய மரக்கட்டை எறக்கும்போது இவன் தூக்குனான். நிறுத்திட்டேன். அப்புறந்தான் சொன்னாங்க, அடியில நம்ம லோடுமேன் வெள்ளத்துரை கால் சிக்கிக் கெடந்தானாம். தலைக்கு மேல ஒரு முழத்துல கட்டை நின்னிருக்கு." அவர் மாமாவைப் பார்த்தார். "நீ கையத் தூக்கி நான் ஏன்னு கேட்டது கெடையாதுல. ஒரு நாளும் கெடையாது."

மாமா கதவை விட்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரிராஜ் அண்ணனும் சிரித்தார். யாசிர் அண்ணன், "பைத்தியக்காரப் பயலுவளா, மணி மூணே முக்கால்!" என்று கத்தினார். கத்தினாலும் அவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்ப மாரிராஜ் அண்ணன் செவுத்தப் பாத்து உக்காருங்க, சோலி முடிஞ்சிது" என்றார் கிருபை அக்கா. அப்படியும் செய்து பார்த்தார்கள். பாட்டு முழுசாக முடிந்தது, ஆனால் ஆறிப்போன சோறு மாதிரி இருந்தது. அடுத்துக் கையை ஓங்காமல் அடித்துப் பார்த்தார் மாமா, அந்த அடி வரவே இல்லை. மணி நாலே கால். வெளியே கார் வந்து ஹாரன் அடித்தது.

"மாரி" என்றார் மாமா. பதிமூன்று வருடம் கழித்து அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. "இந்தப் பக்கம் திரும்பி உக்காரு. என் வலது கைய மட்டும் பாரு."

"என்ன செய்யப் போற?"

"பாரேம்ல."

தொடங்கினார்கள். ஏற்றம் வந்தது. யாசிர் அண்ணன் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். அந்த இடம் நெருங்கியது. மாமா இடது கையால் அடித்துக்கொண்டே வலது கையை மட்டும் உயர்த்தினார். குச்சியின் நுனி மேலே சின்ன வட்டம் போட்டது. துறைமுகத்தில் அதற்குத் 'தூக்கு' என்று அர்த்தம். மாரிராஜ் அண்ணனின் விரல்கள் ஏறின. பேஸ் ஏறியது, ஏறியது, இருபது டன் கம்பியைக் கொக்கி தரையிலிருந்து கிளப்புகிற மாதிரி கனத்தோடு ஏறியது. பிறகு மாமாவின் கை இறங்கி அடித்தது. அப்பா! கண்ணாடி நடுங்கியது. அத்தை எழுந்து நின்று கை தட்டினார். சத்தம் போடக் கூடாது என்று கிருபை அக்கா உதட்டில் விரலை வைத்தார், ஆனால் அவர் காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கடைசிச் சத்தம் அடங்கியது. அக்கா கணினியைப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார்.

"அருமை அண்ணாச்சி. ஆனா கடைசியில நல்லா வேகம் கூடியிருக்கு. டிரம்ஸ்தான் இழுத்துட்டுப் போயிருக்கு. பத்து நிமிசம் இருக்கு, இன்னொண்ணு எடுத்துருவமா?"

மாமா தலையைக் குனிந்து குச்சிகளைப் பார்த்தார். யாசிர் அண்ணன் மாரிராஜ் அண்ணனைப் பார்த்தார். எல்லோருமே அவரைத்தான் பார்த்தோம்.

மாரிராஜ் அண்ணன் பக்கத்திலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "வேண்டாம்மா. அவன் மட்டும் ஓடல, நானும் கூடத்தான் ஓடுனேன். இதையே வையி."