மழைக்கு விட்ட இடம்

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பூரணிக்கு வாய் நீளம் என்பார்கள். அவளுக்கு அடுத்த காம்பராவில் காலமெல்லாம் குடியிருந்தவள் நான். வாய் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாய் சொன்னதைக் கை செய்துவிடும். பேசிவிட்டு நழுவுகிற சாதி இல்லை அவள்.

அவள் புருசன் வீரய்யா அண்ணன் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தச்சர். வேலை விட்டு வந்ததும் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் உட்கார்ந்து நகைப்பெட்டி செய்வார். அடுப்பும் அங்கேதான். பூரணி சோற்றை உலையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பலகை இழைப்பாள், பூ வெட்டுவாள், மெழுகு தேய்ப்பாள். கடைசிக் காலத்தில் பெட்டி முழுக்க அவள் வேலை, பெயர் மட்டும் அண்ணனுக்கு. லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.

ஐம்பத்திரண்டாம் வருசம் அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது அவர் தம்பி பொன்னையா பேச்சை எடுத்தான். அண்ணனுக்குப் பிறகு ஸ்டோர் தச்சு வேலை அவனுக்குத்தான் கிடைத்திருந்தது.

"மதினி, அண்ணன் தச்சுச் சாமான எங்கிட்டக் குடுத்துருங்க. பொம்பள கையில உளி எதுக்கு?"

"அருவாமனையும் இரும்புதான் தம்பி. அத மட்டும் ஏன் எங்க கையில விட்டு வச்சிருக்கீங்க?" என்றாள் பூரணி.

பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் விடவில்லை. "நான் செய்ற பெட்டி ஒண்ணு பழுதுன்னு திரும்பி வரட்டும். அன்னைக்கு வந்து எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போங்க. ஒரு வார்த்த பேச மாட்டேன்."

எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு. பொன்னையா காத்திருந்தான். பகலில் கொழுந்து பறித்துவிட்டு வந்து பூரணி பெட்டி செய்தாள். ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஐம்பத்தைந்தில் மஸ்கெலியா டவுனில் புடவைக்கடை வைத்திருந்த மஃறூப் முதலாளி தன் மகள் ரபீக்காவின் கல்யாணத்துக்கு ஒரு பெட்டி கேட்டார். அது மாசி மாதம், மலையெல்லாம் நல்ல வெயில். காற்றில் விழுந்த சவுக்கு மரத்துப் பலகை அவளிடம் இருந்தது. கடற்கரைச் சவுக்கு இல்லை, தேயிலைக்கு நிழலுக்காக நிற்கிற மரம். இழைத்துப் பார்த்தால் மீன் செதில் மாதிரி மினுங்கும். மூடியின் மேல் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து ஒன்றைப் பதித்தாள். அதற்குத் தேயிலைக் கட்டை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற குச்சியை, மிலாறை, நாங்கள் அடுப்புக்குச் சுமந்து வருவோம். அவள் அதில் தடித்த கட்டையாகப் பொறுக்கித் தனியே ஒதுக்குவாள்.

"ஏன்டி, சோத்துக்கு வெறகில்ல, பெட்டிக்கு வெறகா?" என்று கேட்பேன்.

"சோறு நாளைக்கும் வேகும், ராக்கு," என்பாள்.

பெட்டியைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்து, "மூடி இடுக்குல தலமுடி ஒண்ணு நொழையுதான்னு பாருங்க மொதலாளி," என்றாள். நுழையவில்லை. முதலாளி சிரித்துக்கொண்டே உள்ளே எடுத்துப் போனார். நகைகளை வைத்து மூடி, அலுமாரிக்குள் பத்திரப்படுத்தினார்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்து, கல்யாணத்துக்கு நாள் வந்தபோது மழையும் கூடவே வந்தது. மஸ்கெலியா மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி பற்றாது. கல்யாணத்தன்று காலை எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. இஸ்தோப்பில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பொன்னையா பூரணியின் சாமான் பையிலிருந்து உளியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"மொதலாளி வீட்டுல பெட்டி தொறக்க மாட்டேங்குதாம். ஒடைக்கச் சொல்லி ஆள் வந்திருக்கு," என்றான். முகத்தில் அத்தனை வெளிச்சம்.

அவள் பெட்டியை அவள் உளியாலேயே உடைக்கப் போகிறான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்கு ஓடினேன். கங்காணி என்னைப் பார்த்து, "காய்ச்சல் மலையேறி ஓடுமா ராக்காயி?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

பூரணி கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே டவுனுக்கு இறங்கினாள். நானும் பின்னால் போனேன்.

முதலாளி வீட்டு நடு அறையில் பெட்டி இருந்தது. பொன்னையா குனிந்து மூடி இடுக்கில் உளியை வைத்திருந்தான். கல்யாணப் பெண் ரபீக்கா பட்டு உடுத்தி, கழுத்தில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

"எடுங்க தம்பி உளிய," என்றாள் பூரணி.

"இன்னும் கொஞ்ச நேரத்துல மாப்புள வீட்டாக்கள் பூண்டுலோயாவுல இருந்து வந்திடுவாங்க," என்றார் முதலாளி. "நகை உள்ளுக்க. நான் என்னதான் செய்ய?"

பூரணி பெட்டியைக் கையில் எடுத்தாள். மூடியை விரலால் தடவினாள். பிறகு கேட்டாள்: "மொதலாளி, லுஹர் தொழுதுட்டு வர்ற வரைக்கும் எனக்கு நேரம் குடுப்பீங்களா? அப்பவும் தொறக்கலன்னா நானே ஒடைக்கிறேன்."

முதலாளி தன் பெண்சாதி கமறியாவைப் பார்த்தார். கமறியா தலையாட்டினார். முதலாளி பள்ளிவாசலுக்குப் போனார்.

பின்கட்டில் பெரிய கிடாரத்தில் சோறு தம்மில் இருந்தது. பூரணி அந்த அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படும் ஆனால் சுடாத தூரத்தில், பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கிட்டே போனால் பலகை வெடிக்கும், தள்ளிப் போனால் காயாது. பொன்னையா கதவில் சாய்ந்து நின்றான், உளி இன்னும் கையில். கமறியா வந்து வந்து பார்த்துப் போனார். நான் உள்ளே ரபீக்காவிடம் போய், பூரணி கொடுத்திருந்த வாக்கைச் சொல்லிவிட்டு வந்தேன். சோறு மணத்தது. வெளியே மழை விடவில்லை.

கடைசியில் பெட்டிக்குள் சின்னதாக ஒரு சத்தம். பூரணி இரண்டு கட்டை விரலாலும் மூடியை அழுத்தி மேலே தூக்கினாள். அது முனகிக்கொண்டு வந்துவிட்டது.

பெண்கள் ஓடிவந்து நகையை அள்ளிக்கொண்டு போனார்கள். தொழுதுவிட்டு வந்த முதலாளி அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

பொன்னையா மட்டும் சிரிக்கவில்லை. "தொறந்தாலும் பழுது பழுதுதான மதினி. சொன்ன சொல்லு இருக்கு."

நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். பூரணி என்னைத் தடுத்தாள்.

"பழுதுதான்," என்றாள். "மாசி வெயில்ல முடி நொழையாத நெருக்கத்துல செஞ்சேன், ஆனி மழைய மறந்துட்டேன். எங்க லயத்துக் கதவே மழைக்கு இறுகிக்கிடும். அடுப்பு எரிஞ்சாத் தானா எளகும். தெனம் பாக்குறேன். பெட்டியும் அடுப்புப் பக்கத்துலயே செஞ்சதால அது இறுகும்னு எனக்குத் தோணல. சாமான எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் கண் கலங்கவில்லை, குரலும் உடையவில்லை. தப்பைக்கூட நிமிர்ந்து நின்றுதான் ஒப்புக்கொண்டாள்.

அப்போது ரபீக்கா உள்ளேயிருந்து வந்தாள், கழுத்து நிறைய நகையோடு. பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"திரும்பி வந்தாத்தானே சாமான் போகும்னு வாக்கு? ராக்காயிம்மா சொன்னாங்க. நான் திருப்பிக் குடுக்கல. இது என்ட பெட்டி." பூரணியைப் பார்த்தாள். "இனி இறுகாம மட்டும் செஞ்சி தாங்க."

பூரணி பொன்னையாவிடம் கையை நீட்டினாள்.

"உளியக் குடுங்க தம்பி. மூடிய ஓரத்துல செதுக்கணும். மழைக்குக் கொஞ்சம் எடம் விடணும்."

அவன் உளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அதைத் திருப்பி, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

அதற்குப் பிறகு பூரணி செய்த பெட்டிகளுக்கெல்லாம் மூடி கோடையில் லேசாக ஆடும். வாங்க வந்தவர்கள் குறை சொன்னால், "ஆடி மாசம் வந்து பேசுங்க," என்பாள். அறுபத்து நாலு பங்குனியில் பொன்னையாவே வந்தான், மகள் கல்யாணத்துக்குப் பெட்டி வேண்டுமென்று. மூடியை விரலால் தட்டிப் பார்த்தான். ஆடியது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.