பொன்னாடையின் நீளம்

என்னைத் துணிச்சல்காரி என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கணவர் இறந்த பிறகு எங்கள் கரிசல் காட்டை நான்தான் பார்க்கிறேன். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற மானாவாரி வெள்ளாமை. போன வருஷம் மழை தூறலோடு நின்றுபோய், முளைத்ததெல்லாம் கருகியது. மறுபடி விதைத்த மக்காச்சோளம் கதிர் பிடித்தபோது காட்டுப்பன்றி இறங்கியது.

பன்றியை மிரட்ட எங்கள் பக்கம் காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவோம். என்னிடம் இருந்ததையெல்லாம் கட்டியும் ஒரு மூலைக்குப் பற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோவில்பட்டியில் ஒரு மகளிர் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஓர் அதிகாரி எனக்குப் பொன்னாடை போர்த்தி, உழைப்பு, துணிச்சல், கடமை என்று வெகுநேரம் பேசினார்.

"ஐயா, பன்னி காட்டையே அழிக்குது. ஒரு வழி பண்ணுங்க," என்றேன்.

"ஒங்கள மாதிரி தைரியசாலிக்கு இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? சமாளிச்சிருவீங்க," என்றார்.

கூட்டம் கைதட்டியது. அது அடங்கும்வரை நான் கும்பிட்டபடி நிற்க வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் நேரே காட்டுக்குப் போய்ப் பொன்னாடையை அந்த மூலையில் கட்டினேன். சேலையின் நீளம் அதற்கு ஏது? அடுத்த கம்பு வரை எட்டவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால், பன்றி அந்த இடைவெளி வழியாகத்தான் நுழைந்திருந்தது.

ஒடிந்து கிடந்த சோளத் தட்டைகளுக்கு நடுவே நின்றேன். பக்கத்துக் காட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஒனக்கென்ன தாயி, நீ சமாளிச்சிருவ."

பொன்னாடையை அவிழ்த்து அவருக்குப் போர்த்திவிடலாம் போலிருந்தது.