கெட்டிமேளமும் ஜப்பான் மெஷினும்

எண்பதுகளில் லண்டன் ஹைஃபை கடைக்காரர்களுக்கு ஜப்பான் ரெக்கோட் பிளேயர் என்றாலே இளக்காரம். இசைத்தட்டு வைக்கும் சுழல்தட்டை ஒரு ரப்பர் பெல்ட்தான் சுற்ற வேண்டும், அதுவும் இங்கிலாந்தில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வேதம். ஜப்பான்காரனோ எழுபதுகளிலேயே பெல்ட்டைத் தூக்கியெறிந்து, மோட்டாரின் தலையிலேயே தட்டை ஏற்றிவிட்டான். டைரக்ட் டிரைவ் என்று பெயர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் பழைய சாமான் கடையில் நான் ஒன்றை வாங்கி வந்தபோது, என்னோடு ஒரே வீட்டில் இருந்த மலேசியத் தமிழ் நண்பர் மூக்கைச் சுளித்தார்.

"இது டிஸ்கோ சாமான் லா. மோட்டார் சத்தமெல்லாம் பாட்டுல ஏறிடும்."

அவரிடம் இருந்தது இங்கிலாந்து பெல்ட் மெஷின். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அவர் போட்ட தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

பிறகு மனோர் பார்க் மண்டபமொன்றில் தங்கையின் கல்யாணம் நிச்சயமானது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டு, வர வழியில்லை. லண்டனில் அப்போது நாதஸ்வரக்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பு, கசெட்டில்தான் மேளம். தங்கை கேட்டது ஒன்றுதான்.

"அம்மா அப்பா இல்லாமல் கலியாணம் கட்டுறன். கெட்டிமேளமாவது பிசகாமல் கேக்கோணும், அண்ணை."

கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்து கசெட் பிளேயர் நாடாவை மென்று துப்பியது. மிஞ்சியது ஒரு நாதஸ்வர இசைத்தட்டு. நண்பர் பெருந்தன்மையோடு தன் மெஷினைக் கொண்டுவந்தார். ஓடுகிற தட்டில் இடம் பார்த்து ஊசியை இறக்க முடியாது. கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் முன்கூட்டியே ஊசியை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், பெல்ட் இழுத்து வேகம் பிடிக்கும்வரை மேளம் செத்தவீட்டு ஒப்பாரிபோல முனகிக்கொண்டு எழும்பியது. தாலி ஏறும் நேரத்தில் இந்தச் சத்தமா? தங்கையின் முகம் கறுத்துவிட்டது.

நண்பரே வழிக்கு வந்தார். "ஆபத்துக்குப் பாவமில்ல. உங்க டிஸ்கோவ எடுங்க லா."

மறுநாள் முகூர்த்தத்தில் அந்த டிஸ்கோவுக்கு முன்னால், மணவறைக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து நின்றேன். தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் உண்டு. வேகம் சரியாக இருந்தால், சிறு விளக்கின் வெளிச்சத்தில் அவை அசையாமல் நிற்பதாகத் தெரியும். தோளுக்கு மேலால் பார்த்தேன். ஐயர் கையை உயர்த்தினார். பொத்தானை அழுத்தினேன். கண் மூடித் திறப்பதற்குள் புள்ளிகள் நின்றன, மேளம் முழுத் தொண்டையோடு வெடித்தது. யாரோ தூவிய அட்சதை என் முதுகில் விழுந்தது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. புள்ளிகள் நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண் கலங்கி அவையும் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் டிஜேக்கள் தேடித் தேடி வாங்கத் தொடங்கிய பிறகுதான் கடைக்காரர்களுக்கு ஜப்பான் மெஷினின் மரியாதை விளங்கியது. அந்த நாட்களில்தான் அம்மா ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து, கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார்.

"மேளம் நல்லாயிருந்தது தம்பி. ஆனா மேளகாரரைக் காட்டவேயில்லையே?"

"காட்டினவை அம்மா. உங்களுக்கு முதுகுதான் தெரிஞ்சிருக்கும்."